ஐந்தே ஸ்லைடு

மஞ்சள் வேண்டாம். வேண்டவே வேண்டாம். காமாலைக் கண்ணுக்குத்தான் உலகம் இப்படித் தெரியும்.

"எப்படி இருக்கு அண்ணி?" ஸ்லைடுகளுக்கெல்லாம் மஞ்சள் பூசிவிட்டு, லேப்டாப்பை அண்ணி பக்கம் திருப்பி வைத்து நாத்தனார் கேட்டாள். அவள் பள்ளியில் ஓவிய ஆசிரியை.

"நல்லாத்தான் இருக்கு."

அண்ணி உருவாக்கியிருந்தது, மறுக்கத் தெரியாதவர்களுக்கான செயலி. யாராவது எதையாவது கேட்டுச் செய்தி அனுப்பினால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 'மன்னிக்கணும், முடியாது' என்று உங்கள் குரலிலேயே பதில் போய்விடும். அப்படிப்பட்டவர்களைத் தேடி அவள் ஊர் சுற்றவில்லை; வீட்டில் கண்ணாடி இருந்தது. ஒரே குறை, எதிரே நிற்பவரிடம் அது செல்லாது. அது அடுத்த பதிப்பில்.

வியாழக்கிழமை மூன்று முதலீட்டாளர்கள் முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். அவர்கள் கைவிரித்தால் திங்கட்கிழமை பழைய அலுவலகத்தின் அதே நாற்காலி. திரும்பி வரச்சொல்லி மேலாளர் நேரில் வந்து கேட்டபோது, 'சரி சார்' என்று வாய் முந்திக்கொண்டது.

மஞ்சளில் வெள்ளை எழுத்துகள் காணாமல் போயின.

"ஒவ்வொரு எழுத்தா மேலேர்ந்து இறங்கட்டும். அப்பதான் கண்ணு பிடிக்கும்," என்றான் கணவன்.

எழுத்துகள் தூறல்போல மெல்ல மெல்ல இறங்கின. ஜன்னலோரம் மழை பார்ப்பதுபோல அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அது இறங்குற வரைக்கும் மனுஷன் எதைப் பார்ப்பான்?" என்றார் மாமனார். "பின்னாடி ரெண்டு மேகம் விடு."

"நல்ல யோசனை மாமா."

ஐயோ, வேண்டாம் மாமா.

மேகங்கள் வந்தன. வந்து எழுத்துகளை மூடின. மேகம் விலகும்வரை எழுத்துகள் காத்திருக்குமாறு கணவன் சரிசெய்தான். ஐந்தே ஸ்லைடுதான். யாரும் ஆறாவதைச் சேர்க்கவில்லை. அந்த மட்டும் புண்ணியம்.

வியாழக்கிழமை, அந்த நீள மேசையின் முன்னால், திரை மஞ்சளாக விடிந்தது. ஒரு மேகம் நகர்ந்தது. 'ம' இறங்கியது. நெடுநேரம் கழித்து 'று'.

அவள் பேச மறந்துபோனாள். வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் எதுவும் கேட்காத ஓர் அறையில் நிற்பதுபோல இருந்தது. மூன்று முதலீட்டாளர்களும் கன்னத்தில் கைவைத்து வானம் பார்த்தார்கள். 'மறுக்கத் தெரியாத' என்பதோடு பத்து நிமிடம் முடிந்தது.

"பிரமாதம்!" என்றார் நடுவில் இருந்தவர்.

"பண்ணிடலாம்," என்றார் இடப்பக்கம் இருந்தவர்.

"அடுத்த வியாழன் வாங்க. மீதியையும் பார்த்துடலாம்," என்றார் மூன்றாமவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கால் தரையில் படாமல் அவள் வரவேற்பறைக்கு வந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தடித்த டைரியைப் புரட்டினாள்.

"அடுத்த வியாழனா? பதினொன்னரைக்குத்தான் இடம் இருக்கு. உங்களுக்கு முன்னால எட்டு பேர்."

"எட்டு பேருக்கும் பண்ணிடலாம்னு சொல்லிட்டாங்களா?"

"மூணு வருஷமா எல்லாருக்கும் அதேதான்."

"அப்போ எத்தனை பேருக்குப் பணம் குடுத்திருக்காங்க?"

அந்தப் பெண் உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யாருக்கும் இல்ல மேடம். இவங்ககிட்ட இருந்த பணமெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு. வர்றவங்க மூஞ்சியப் பார்த்து இல்லைன்னு சொல்லத்தான் மூணு பேருக்கும் வாய் வரல." பேனா மூடியைத் திறந்தாள். "பதினொன்னரை, எழுதட்டுமா?"

கைபேசி பைக்குள் அணைந்து கிடந்தது.

"வேண்டாம்," என்றாள் அவள் மெல்ல, வியாழனுக்கும் திங்களுக்கும் சேர்த்து.