எஞ்சின் மூச்சு விடும் குழாய் குறித்துத் தாய்மாமனுக்கு

குனோங் ராபாட், ஈப்போ
ஞாயிறு பிற்பகல், மழை

பெருமதிப்பிற்குரிய தர்மா அண்ணன் அவர்களுக்குத் தங்கை தினேஸ்வரி கைகூப்பி எழுதுவது. பாரிட் புந்தாரில் தாங்களும், தாங்கள் பார்க்கும் நெல் ஆலை இயந்திரங்களும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் மகள் ஷர்மினியும் நலம். தங்கள் மைத்துனர் சுகுமாரன் நலம். அவருடைய மோட்டார்தான் நலமில்லை.

இரண்டு வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. தாங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறி, போனையும் எடுக்காமல் இருப்பதால் காகிதத்துக்கு வர வேண்டியதாயிற்று. பேனாவைத் தேட ஒரு வாரம், பேனாவைத் தேடியது எதற்கு என்று யோசிக்க ஒரு வாரம். ஷர்மினி பிறந்து இது ஏழாம் மாதம் அல்லவா, எனக்கு விடியலும் மதியமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகின்றன. ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழும் ஆடுகிறது, ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை மேகத்துக்குள் போய்ப் போய் வருகிறது, இரண்டில் எது ஆடுகிறது எது நிற்கிறது என்று சில நேரம் பிடிபடுவதில்லை. அவள் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வரும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். கல்லூரியில் மூன்று வருடம் உயிரியல் படித்தவள்தான், ஆனால் படிப்பு விரலைத் தடுப்பதில்லை.

இப்படி இருக்கையில்தான் இவருடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் புகைய ஆரம்பித்தது. காற்று ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெய்ச் சட்டியில் மறந்துவிட்ட வடை மாதிரி ஊறிக் கிடந்தது. அதற்குத் தாங்கள் அனுப்பிய குரல் பதிவைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே நானும் கேட்டேன். "எஞ்சினும் மூச்சு விடணும் மச்சான். அந்த ஆவி எண்ணெயோட சேந்து ஒரு குழாய் வழியா ஃபில்டர் பெட்டிக்குள்ள போவுது. பழைய வண்டிக்கு அது ஆகாது. குழாயைக் கழட்டி, பெட்டி ஓட்டைய அடைச்சிட்டு, சீட்டுக்கு அடியில மேல ஏத்தி, பின்னால நம்பர் பிளேட்டுக்கிட்ட விட்டுரு. முனை மட்டும் தொறந்தே இருக்கணும்லா." இவரும் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அப்படியே செய்தார். புகை நின்றது. தங்களைப் புகழ்ந்து குழுவில் மூன்று கட்டைவிரல் போட்டதும் நினைவிருக்கும்.

ஆனால் அண்ணே, குழாயைத் திருப்பச் சொன்ன நீங்கள், வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? எங்கள் போர்ட்டிக்கோவில் அது முதுகை ஹாலுக்குக் காட்டி நிற்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நம்பர் பிளேட், இந்தப் பக்கம் தொட்டில். எஞ்சினை அணைத்த பிறகும் குழாய் வழியாக வெதுவெதுப்பாக ஒரு எண்ணெய் வாசம் உள்ளே மிதந்து வரும், மலையிலிருந்து மேகம் இறங்குகிற மாதிரி, சத்தமில்லாமல். பிள்ளை அதையா சுவாசிக்கும் என்று வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். தரை சரிவு, உருண்டுவிடும் என்றார். அதே வாரம் ஷர்மினி சப்பும் நீல நிற ரப்பர் பூத்திங்கும் காணாமல் போனது. அது வாயில் இல்லாமல் அவள் தூங்குவதில்லை. அது வேறு கதை, இங்கே அவசியமில்லை.

வண்டியைத் திருப்பச் சொன்ன மறுநாள் வேலைக்குப் போனவர் இடது கால்சட்டை முழங்கால் வரை எண்ணெயில் நனைந்து வந்து நின்றார். சங்கிலிப் பக்கத்து ஆயில் சீல் பிதுங்கிவிட்டதாம். பட்டறை சன்னாசி அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே காற்று அடைத்தால்தான் இப்படித் தள்ளும், யார் கை வைத்தது என்று கேட்டாராம். இவர் தங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார். புது சீல் போட்டார்கள், இரண்டு நாளில் அதுவும் பிதுங்கியது. அன்றைக்குத்தான் இவர் கோபத்தில், நெல் அரைக்கிற மிஷினும் மோட்டாரும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார் போல என்று குழுவில் எழுதிவிட்டார். தாங்கள் வெளியேறிவிட்டீர்கள். அதற்கடுத்த ஞாயிறு வண்டியை மறுபடி பிரித்தார், இந்த ஞாயிறும் போர்ட்டிக்கோவில்தான் இருக்கிறார். ஆனால் இன்றைக்குக் காலையிலிருந்து ஒரே போல்ட்டைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார், நடுவில் எழுந்து வந்து கேட்காமலே பால் போத்தல்களை எல்லாம் கழுவி வைத்தார். மனம் உடைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். வரும் பதினெட்டாம் தேதி தோட்டத்துக் கோயிலில் ஷர்மினிக்குக் காது குத்து. தோட்டம் அழிந்து வீடுகள் நிறைந்த தாமானாகிவிட்டாலும் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள், மாற்ற முடியாது. தாய்மாமன் மடி வேண்டும். உலகத்தில் அவளுக்கு இருக்கிற தாய்மாமன் மடி ஒன்றே ஒன்றுதான், அது பாரிட் புந்தாரில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவரோ, குழுவில் சண்டை வந்த அன்றே, "என் எஞ்சின கெடுத்தவரு மடியிலயா என் புள்ளய வைப்பேன்?" என்று சொல்லிவிட்டு, தன் சித்தப்பா மகன் சீனி வந்து உட்காரட்டும் என்றார். இரண்டு நாளாக எனக்கு ஒரே கனவு. சீனியின் மடியில் பிள்ளை இருக்கிறாள், ஆசாரி ஊசியோடு வருகிறார், பிள்ளை திரும்பிப் பார்க்கிறாள், கோயில் வாசலில் தாங்கள் முதுகைக் காட்டி நிற்கிறீர்கள், தங்கள் சட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. எழுந்து பார்த்தால் தலையணை நனைந்திருக்கிறது.

ஆகவே அண்ணே, யோசனை சொன்னது தாங்கள் என்பதால், பெரிய மனது பண்ணி இவரிடம் ஒரு சின்ன மன்னிப்பு கேட்டுவிடுங்கள். "தெரியாம சொல்லிட்டேன் மச்சான்" என்று ஒரு குரல் பதிவு போதும். படித்த பெண் நான், நியாயம் பார்த்துத்தான் கேட்கிறேன்.

தங்கள் உடல்நலத்துக்கும் ஆலைக்கும் மாரியம்மன் துணை இருக்கட்டும். மருமகள் தன் எச்சில் விரலை இந்தத் தாளில் வைத்து ஆசி கேட்கிறாள், இடது ஓரத்தில் மை கரைந்திருப்பது அதுதான்.

என்றும் அன்புள்ள தங்கை
தினேஸ்வரி

பி.கு.: உங்கள் போஸ்ட்கோடு கேட்கப் போர்ட்டிக்கோவுக்குப் போனேன். என்ன எழுதினாய் என்றார். வாசித்தேன். நீலப் பூத்திங் வரி வந்ததும் துடைத்துக்கொண்டிருந்த போல்ட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். அண்ணே, குழாய் வாயில் அதைத் திணித்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்து ரப்பர் பேண்டால் நாலு சுற்று சுற்றியது நான்தான். ராத்திரிக்கு மட்டும், காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை காலை வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. போன ஞாயிறே அவர் கண்டுபிடித்துவிட்டாராம், வண்டி ஒரு வாரமாக நன்றாகத்தான் ஓடுகிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "ஒங்க அண்ணன அவ்ளோ பேசிட்டு எப்படிலா சொல்றது? நீயே சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார்.

மன்னிப்பு கேட்க வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றால், தங்களைத் திட்டியிருக்கும் இடங்கள் நன்றாக வந்திருக்கின்றன, அப்படியே அனுப்பு என்கிறார். சனிக்கிழமை வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் கதவைத் திறங்கள், தங்களைக் கூட்டிப்போக அவரே வருகிறார். பூத்திங்கைச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொண்டார், எனவே வரும்போது புதிதாக ஒன்று, நீலத்திலேயே.

இப்போது வண்டியைத் திருப்பி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தில் ஷர்மினி பூத்திங் இல்லாமலே தூங்கிவிட்டாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு வெளியே போய்க் குழாய் முனையிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் வருகிறது.