குந்துன மாப்பிள்ளை

"லீவா? இந்த வாரமா? என்னய்யா மணிவேலு, வெளையாடுறியா?"

இன்ஜினியர் பிரதாப் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். மதுரைப் பக்கத்து ஆள். போன மாதம்தான் ஓசூர்க் கம்பெனிக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து மனுஷருக்குத் தூக்கமில்லை. எல்லாம் காண்டாமிருகத்தால்.

மணிவேல் அங்கே டெஸ்ட் டிரைவர். காடு, மேடு, சேறு எதுவானாலும் சீறிக்கொண்டு போகிற 'வேங்கை' என்ற வண்டியை அந்தக் கம்பெனி தயார் செய்துகொண்டிருந்தது. கர்நாடக எல்லையைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் இன்னொரு கம்பெனி அதே மாதிரி ஒன்றைச் செய்து 'காண்டாமிருகம்' என்று பேர் வைத்திருந்தது. வேங்கை இடுப்பளவு தண்ணீரில் போகும் என்று இவர்கள் விளம்பரம் போட்டால், காண்டாமிருகம் மார்பளவில் போகும் என்று மறுநாளே அவர்கள் போடுவார்கள். வாங்கப் போகிற மகராசன்கள் அதைப் பெங்களூரு மால் வாசலில்தான் நிறுத்தப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

"சார், ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போன சம்சாரம் சார். ஆவணியே பாதி போயிருச்சு. மாப்பிள்ள போய்த்தான் அழைச்சிட்டு வரணும், அதான் மொறை."

"அடுத்த மாசம் காண்டாமிருகம் வெளிய வருதுய்யா! அதுக்குள்ள நாம முந்தணும். ஒன் சம்சாரம் எங்கயும் போயிர மாட்டாங்க."

அன்று மாலை மேகலாவிடமிருந்து போன் வந்தது.

"எப்ப வர்றீங்க?"

"இந்த வாரம் கண்டிப்பா, புள்ள."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"அது வந்து, அந்தக் காண்டாமிருகம்..."

"அதையே கட்டிக்கிட்டு அழுவுங்க."

கல்யாணமானது வைகாசியில், ஆடி வந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்காரர்கள் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட இருந்த கொஞ்ச நாளில் தினமும் வேலை முடிந்து வந்ததும், "இன்னிக்கு எத்தினி குழியில குதிச்சீங்க?" என்று கேட்பாள். அவன் கைகாலை ஆட்டிக் குதித்துக் காட்டுவான்; அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது குழியெல்லாம் அப்படியே இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. ரெண்டு பேருக்கு அரிசி போட்ட கை ஒருவனுக்குப் போட வராமல், தினமும் காலையில் பழையதைத் தின்றான். அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சும்மா போய் நிற்கவும் முடியாது. கல்யாணத்தன்று மறுவீட்டுக்குப் போகையில், அஞ்செட்டியைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிற அவள் ஊர் ஓடையில் வேன் சிக்கிக்கொண்டது. மாலை போட்ட மாப்பிள்ளை நடுவழியில் இறங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, மணிவேல் உட்கார்ந்தபடியே இருந்தான். மேகலாதான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கித் தள்ளினாள். அன்றிலிருந்து அந்த ஊரில் அவனுக்குப் பேர் 'குந்துன மாப்பிள்ளை'.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.

"சார், நம்ம கம்பெனிக் குழியெல்லாம் ஒரு குழியா? அஞ்செட்டிக்கு அந்தாண்ட ஒரு ஓடை இருக்குது. அதுல ஏறிட்டா வேங்கை எதுலயும் ஏறிரும்."

பிரதாப் எழுந்தே நின்றுவிட்டார். "காண்டாமிருகத்துக்கு அந்த எடம் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது சார்."

ஆக, சம்பளத்தோடு பெண்டாட்டியை அழைக்கப் போகிற புண்ணியம் மணிவேலுக்குக் கிடைத்தது. வெளியே வராத வண்டி யார் கண்ணுக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு ஒட்டி, விடிந்ததும் கிளம்பினார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. வேங்கை தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, அஞ்செட்டியைத் தாண்டி, காட்டுப் பாதையில் பறந்து, சரியாக அதே ஓடையில், அதே இடத்தில் போய் உட்கார்ந்தது.

"சேறு மோடுல போடுய்யா!"

போட்டான். டயர் பாதி உள்ளே போனது.

"மணல் மோடு!"

முக்கால் போனது.

"பாறை மோடு!"

கதவுக்குள் தண்ணீர் வந்தது. அப்போது பின்னால் இன்னொரு இன்ஜின் உறுமியது. கோடு போட்ட காண்டாமிருகம்! உள்ளிருந்து டிரைவர் குருமூர்த்தி எட்டிப் பார்த்தான்.

"ஏனு மணி, சிக்காக்கொண்டியா? மாட்டிக்கினியா?" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகக் கேட்டான்.

"இந்த ஆளுக்கு எப்படிய்யா எடம் தெரிஞ்சுச்சு?" என்று பிரதாப் பல்லைக் கடித்தார். குருபரப்பள்ளி டீக்கடையில் இதே குருமூர்த்தியிடம்தான் மணிவேல் தன் கல்யாணக் கதையை ஓடை, சேறு எல்லாம் விடாமல் சொல்லி அழுதிருந்தான்.

"தார்ப்பாயைப் போடு! அவன் நம்ம வண்டியப் பாக்கக் கூடாது!"

வேங்கை மேல் தார்ப்பாயைப் போட்டு நாலு மூலையும் கட்டிவிட்டு, மணிவேல் உள்ளே நுழைந்துகொண்டான். குருமூர்த்தி சிரித்துக்கொண்டே, "நம்ம வண்டி எப்படிப் போகுது நோடு!" என்று பக்கத்தில் இறங்கினான். காண்டாமிருகமும் ஆசை தீர உட்கார்ந்தது. அவனும் வெட்கப்பட்டு ஒரு தார்ப்பாயை எடுத்துப் போர்த்தினான்.

ரெண்டு மூட்டைகளும் ஓடையை அடைத்துக்கொண்டு கிடக்கையில், எதிர்க் கரையில் ஹாரன் அடித்தது. ஊருக்கு வருகிற ஒரே பஸ், ஓசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"யோவ், எடுங்கய்யா வண்டிய! நாங்க ஊரு போய்ச் சேர வேணாமா?" என்று கண்டக்டர் கத்தினார்.

பிரதாப் தார்ப்பாய்க்குள் தலையை விட்டார். "மணி, பஸ்ஸுல இருந்து எல்லாரும் எறங்கித் தள்ள வர்றாங்க. நான் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிறேன், நீ எறங்கித் தள்ளு. ஊர்க்காரன் மாதிரி நாலு வார்த்தை பேசு."

பஸ் நிறைய மாமியார் ஊர்க்காரர்கள். அதே ஓடை, அதே மாப்பிள்ளை! மேகலா காதுக்குப் போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"நான் எறங்க மாட்டேன் சார். உயிரே போனாலும் எறங்க மாட்டேன்."

"எல்லாரும் கேக்குறாங்கய்யா, பொம்பளைங்க எல்லாம் எறங்கியாச்சு!"

"ஸ்டீரிங் ஒடிக்கிறது சாமானியப்பட்ட வேலையா சார்? நீங்க போய்த் தள்ளுங்க."

துண்டை எடுத்து முக்காடு வேறு போட்டுக்கொண்டான். தார்ப்பாய்க்குள் ஒரே இருட்டு. இன்ஜின் இரைச்சலில் வெளியே கூச்சல்தான் கேட்டதே தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. முதலில் காண்டாமிருகத்தைத் தள்ளினார்கள். அப்புறம் வேங்கையின் முதுகில் இருபது முப்பது கைகள் விழுந்தன. "லெஃப்டு! லெஃப்டு!" என்று பிரதாப் அலற, ஒரு குலுக்குக் குலுக்கி வண்டி கரையேறியது. பஸ் போன சத்தம் அடங்கிய பிறகுதான் மணிவேல் முக்காட்டை எடுத்தான்.

பிரதாப் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, தலையோடு கால் சேறாக ஏறி உட்கார்ந்தார். "யாரோ ஒரு பொண்ணு ஒன்னைய நல்லா வாங்கு வாங்குன்னு வாங்குச்சுய்யா."

"வாங்கட்டும் சார். ஆள் தெரியலையே, அது போதும்."

மனசு லேசாகிவிட்டது. ஒரு பயல் பார்க்கவில்லை. கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டான். வேங்கை மேடேறி, வரப்போரம் வளைந்து, கோழிகளைச் சிதறடித்து, மாமனார் வீட்டு வாசலிலேயே போய் நின்றது. குந்துன மாப்பிள்ளையாம்! வந்து பாருங்கடா என்று நீளமாக ஹாரன் அடித்தான். இதோ ஓடி வருவாள், எத்தனை குழி என்று கேட்பாள் என்று வாசலையே பார்த்தான்.

மாமியார் நாகம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தாள். கையில் போன் இருந்தது.

"மேகலா எங்கத்த?" என்றான், வண்டியிலிருந்து குதித்து.

"அடக் கடவுளே, நீங்க இங்க வந்து நிக்கிறீங்களா மாப்ள? 'மொறையாவது மண்ணாவது, அவரு வரலன்னா நான் போறேன்'னு கல்யாணப் பட்டுச் சேலையையே கட்டிக்கிட்டுக் காலைல பஸ்ஸுக்கு ஓசூர் கெளம்பிட்டாளே! இப்பத்தான் அஞ்செட்டில இருந்து போன் பண்ணா, ஓடையில மாட்டுன வண்டிய எறங்கித் தள்ளி வுட்டதுல சேலையெல்லாம் சேறாம். உள்ளாற ஒருத்தன் கடேசி வரைக்கும் எறங்காம குந்தியே கெடந்தானாம், 'எங்க வூட்டுக்காரரு மாதிரியே ஒரு ஆளும்மா'ன்னு அப்படிச் சிரிக்கிறா!"