கணுக்காலை மூடாத ஷூ

2004ஆம் வருஷம் ஆவணி மாதம், என் ஐம்பத்து நான்காவது வயதில், ஞாயிற்றுக்கிழமையை மீட்டே தீருவது என்று தீர்மானம் செய்தேன்.

மற்ற ஆறு நாளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆறு நாளும் பெரம்பலூரில் கூட்டுறவு சங்க ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்னை யாரும் எதுவும் செய்யச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வேலை. காலையில் கறிக்கடை வரிசை. பத்து மணிக்குக் குடிதண்ணீர். பிறகு ஒட்டடை. அதன் பிறகு குரும்பலூரில் மச்சான் வீட்டில் ஏதாவது ஒரு விசேஷம். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்றாவது என்னுடையதா? நான் வாழ்ந்தேனா, வரிசையில் நின்றேனா? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. ஆபீசில்கூடத் தூங்க விடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதம்தான் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுட்டு நம் நாட்டுக்காரர் ஒருவர் மெடல் வாங்கியிருந்தார். அரியலூரில் முன்பு முந்திரிக்கொட்டை உடைத்த கொட்டகை ஒன்றில், ஞாயிறுதோறும் ஏர் பிஸ்டல் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பழக்குபவர் அழகேசன், ரிட்டயரான போலீஸ் ஏட்டு. நேரில் போய் விசாரித்தேன். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை. வயது தடையில்லை. ஓட வேண்டாம். குதிக்க வேண்டாம். அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கென்றே கண்டுபிடித்த விளையாட்டு!

என் மனைவி பாக்யலட்சுமி கிராம சுகாதார நர்ஸ். அவள் ஊசியை எடுத்தால் குழந்தைகள் ஓடும். ஊசியை எடுக்காவிட்டாலும் நான் ஓடுவேன். அழகேசன் கொடுத்த நோட்டீசை அவளிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன மணிக்குப் போவீங்க?"

"ஆறு மணி பஸ்சுக்கு."

"எப்ப வருவீங்க?"

"அது ஆயிரும், நாலு அஞ்சு."

"கறி யாரு வாங்கறது? தண்ணி யாரு புடிக்கிறது?"

"பாக்கியம், நாட்டுக்காகன்னு ஒண்ணு இருக்குல்ல..."

"நாட்டுக்கு வேற யாராச்சும் புடிச்சுக்குவாங்க. நீங்க நம்ம வூட்டுக்குப் புடிங்க."

ஆனால் அவள் நோட்டீசை வீசி எறியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"சரி, அடுத்த மாசம் புதுசா சேர்றவங்களுக்குப் போட்டின்னு போட்டிருக்கு. நாப்பது குண்டு, நானூறு மார்க்கு. நீங்க இருநூத்தி நாப்பது எடுங்க. ஞாயித்துக்கிழம ஒங்களுது. நான் குறுக்க வரல."

"எடுக்கலன்னா?"

"ஞாயித்துக்கிழம என்னுது. நீங்க குறுக்க வரக்கூடாது. அது வரைக்கும் வூட்டுலயே பழகுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏற்கெனவே அவளுடைய சொத்தையே அவள் பந்தயத்தில் வைக்கிறாள். தோற்றால் எனக்கு என்ன நஷ்டம்? உடனே கையடித்துக் கொடுத்தேன்.

பிஸ்டலை அழகேசனின் கிளப்பே தரும். அதை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். வீட்டில் கையை நீட்டி ஏதாவது கனத்தைப் பிடித்துப் பழகிக்கொள்ள வேண்டியது. நாம் கொண்டுபோக வேண்டியது மூன்று: காதுக்கு அடைப்பு, குறி பார்க்காத கண்ணுக்கு ஒரு மறைப்பு, ஷூ.

"காதுக்கு அடைப்பு வாங்கணும்" என்றேன்.

"எதுக்கு? நான் கூப்புடறப்பல்லாம் ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதையே வெச்சுக்குங்க."

"ஒரு கண்ண மறைக்கணும்."

"ரெண்டையும் தெறந்து வெச்சுக்கிட்டே கறிக்கடையில வெறும் எலும்பா வாங்கிட்டு வரீங்க. ஒண்ண மறைச்சா கொஞ்சம் நல்லாத் தெரியுமோ என்னமோ."

சொன்னாளே தவிர, பஞ்சை உருட்டிக் கொடுத்தாள். பழைய தடுப்பூசி அட்டையைக் கத்தரித்து என் மூக்குக்கண்ணாடியில் கச்சிதமாகச் செருகியும் கொடுத்தாள். நல்லவள்தான் என்று நெகிழ்ந்து போனேன்.

ஷூ வாங்க நானே போனேன். நோட்டீசில் ஷூவுக்கு மட்டும் நாலு வரி. கணுக்காலை மூடக் கூடாது. அடி தட்டையாக இருக்க வேண்டும். முன்பாதி வளைய வேண்டும். போட்டியில் போடுகிற ஷூவோடுதான் பழக வேண்டும். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஷூ போட்டவன் நான். அதுவும் கல்யாணத்தன்று ஒரே ஒரு நாள். மாமனார் எடுத்துக் கொடுத்த ஷூ, ஒரு சைஸ் சின்னது. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"துப்பாக்கி சுடறதுக்கு ஒரு ஷூ வேணும்" என்றேன் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுட்டுட்டு ஓடறதுக்குங்களா சார்?"

"ஓடறதில்ல. நிக்கறதுக்கு."

"சுட்டுட்டு நிப்பீங்களா? தைரியந்தான்!"

விளக்கிச் சொன்னதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூவை எடுத்துப் போட்டார். "அடி சப்பட்டை. கணுக்கால் தெரியும். இந்தா பாருங்க, கையாலயே மடக்கலாம். நீங்க கேட்டது இதுதான் சார்."

நான் கேட்டது அதுதான். ஆனால் நான் விரும்பியது அதுவா? ஒலிம்பிக் வழியில் போகிறவன் ஐந்தாம் வகுப்பு டிரில் பீரியடுக்குப் போகிறவன் மாதிரி நிற்பதா? நீல நிறத்தில், வெள்ளிக் கோடு போட்டு, குதிகாலில் இரண்டு விரல் உயரத்துக்கு மெத்தை வைத்த ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. போட்டுப் பார்த்தேன். எதிர்க் கண்ணாடியில் ஒரு உயரமான மனிதர் தெரிந்தார். அவரைப் பார்க்க எனக்கே மரியாதை வந்தது. நாலு வரியில் முதல் வரி ஒன்று பொருந்துகிறதே, போதாதா என்று வாங்கிவிட்டேன்.

அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன்.

"நில்லுங்க!" போலீஸ் ஏட்டுகூட அப்படி அதட்டியிருக்கமாட்டார். "செருப்புக் காலோட உள்ள வரீங்க? சாமி படம் இருக்கு."

"புது ஷூ பாக்கியம். மண்ணே படல."

"புதுசோ பழசோ, வாசப்படிக்கு அந்தப் பக்கந்தான்."

"இதோடதான் பழகணும்னு நோட்டீசுல போட்டிருக்கே!"

"வூட்டுக்குள்ள ஷூ போடற ஊருக்காரன் எவனோ எழுதியிருப்பான். நம்ம வூட்டுல வெறுங்கால்தான்."

சரி, மொட்டை மாடி இருக்கிறதே என்று ஷூவோடு ஏறினேன். தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக் கையை நீட்டி, ஒரு கண்ணை மறைத்து, மூச்சை அடக்கி நின்றேன். ஐந்து நிமிஷத்தில் எதிர் வீட்டுப் பாப்பாத்தி வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா! அண்ணன் எங்க வூட்டயே பாத்துக்கிட்டு, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, செம்ப நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. தண்ணி கேக்கறாரா, வேற ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல பாப்பாத்தி, ஒலிம்பிக் போறாரு" என்றாள் என் மனைவி.

இறங்கி வந்துவிட்டேன். அதன் பிறகு ஒரு மாதம் கூடத்தில், வெறுங்காலோடு, செம்பைப் பிடித்துப் பழகினேன். கை நடுங்குவது நின்றது. தரையில் வேர் விட்ட மாதிரி கால் ஊன்றியது. ஷூ வாசலில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

போட்டியன்று பாக்கியமும் கூட வந்தாள். "ஒங்க வெற்றிய நான் பாக்க வேணாமா?" என்றாள். பஸ்சில் எனக்கு ஜன்னல் சீட்டையும் விட்டுக் கொடுத்தாள்.

கொட்டகையில் என் முறை வந்தது. பெட்டியைப் பிரித்து ஷூவை மாட்டினேன். பிஸ்டலை நீட்டினேன். உடம்பு முன்னால் சாய்ந்தது. குதிகால் மெத்தை அழுந்தியதும் பின்னால் சாய்ந்தது. தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஆடி நிற்பதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. முதல் குண்டு அட்டையின் மேல் விளிம்பில். இரண்டாவது கீழே. மூன்றாவது எங்கே போனது என்று அழகேசனும் நானும் சேர்ந்து தேடினோம்.

"சார், ஷூவக் கழட்டிட்டு சுடலாங்களா?" என்று கெஞ்சினேன்.

"புதுசா சேர்ந்தவங்கன்னு இந்த மெத்தை ஷூவ விட்டதே பெருசு. வெறுங்காலோட நிக்க விடமாட்டோம் சார். இங்க ரூல் அது."

நூற்று எழுபத்தொன்று.

தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். பெண்கள் வரிசையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்றாவது ஆள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு, பாக்யலட்சுமி.

"நீ... எப்ப...?"

"மாத்திரை வாங்க அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வரேன்ல, அப்ப ரெண்டு தடவ சார்கிட்ட கேட்டு, கொட்டகையத் தெறக்கச் சொல்லி சுட்டுப் பாத்தேன். மத்த நாளு சப்-சென்டர்ல மத்தியானம் ஆள் வராதப்ப நின்னு பழகிக்கிட்டேன். அங்க ஷூ போடலாம்ல?" அந்த ஷூவின் அடி ஒரு மாதத் தேய்மானத்தோடு இருந்தது.

ஒரு கண்ணை மறைத்தாள். மூச்சை அடக்கினாள். அழுகிற குழந்தையின் தொடையில் குறி தவறாமல் இருபத்து நான்கு வருஷம் ஊசி போட்ட கை. அழாத அட்டையா அதற்குப் பெரிது?

இருநூற்று அறுபத்திரண்டு. பெண்கள் பிரிவில் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் தூக்கு.

வாசற்படியில் என்னை நிறுத்தியது ஆசாரமா, தந்திரமா? இன்றுவரை யோசிக்கிறேன். கேட்கத் துணிவில்லை.

"ஞாயித்துக்கிழம என்னுது, ஞாபகம் இருக்குல்ல?" என்றாள் பாக்கியம். "வாராவாரம் ஆறு மணி பஸ்சுக்கு வரேன்னு சாருகிட்ட சொல்லிட்டேன்."

என் முகத்தைப் பார்த்து அழகேசனுக்கே இரக்கம் வந்துவிட்டது. "நீங்களும் வாங்க சார். அட்டை மாத்த, தண்ணி குடுக்க ஒரு ஆள் இல்லாம திண்டாடறேன்."

ஐம்பத்து நாலு வயதில் யாருக்கு இப்படி ஒரு வாய்ப்பு வரும்? அட்டை மாற்றுவதும் நாட்டுச் சேவைதான். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"வேணாங்க சார்" என்றாள் என் மனைவி. "ஞாயித்துக்கிழமன்னா அவருக்கு வூட்டுல ஏகப்பட்ட வேலை."