பிரான்ஸ் காக்காவின் சாடி

வைன் செய்யும் விதத்தை நாள் முழுக்கக் கதைக்கக்கூடிய, ஆனால் அதில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் சாய்ந்தமருதில் எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் இருந்தார். உண்மைப் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்களே முழிப்பார்கள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்; பிரான்ஸ் காக்கா என்றால் கல்முனைச் சந்தையில் மீன் விற்பவரும் வழி காட்டுவார்.

எழுபதுகளின் கடைசியில் பிரான்சுக்குப் போய், ஒரு வைன் தோட்டத்தில் சில வருஷம் கொடி வெட்டிவிட்டு வந்தவர். சலூனில் உட்கார்ந்தாரென்றால் அந்தத் தோட்டத்தின் சரித்திரம் ஆரம்பமாகிவிடும். முதலில் நட்டது மடத்துப் பாதிரிமார். புரட்சி வந்து அவர்களைத் துரத்தியது. யாரோ ஒரு வியாபாரி அதை வாங்கினான். பிறகு கடுகளவும் இல்லாத ஒரு பூச்சி வேரையெல்லாம் தின்று தீர்த்தது.

"மறுகா என்ன செஞ்ச தெரியுமா? அமெரிக்காவுல இரிந்து வேரக் கொண்டாந்து, அதுக்கு மேல நம்மட கொடிய ஒட்டின!"

"நம்மட கொடியா காக்கா?" என்பார் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு இருப்பவர்.

"ஓம், நம்மடதான்!"

குடித்துப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்கக் கூடாது. "அங்க ருசி பாக்கிற பெரிய ஆக்களே வாயில வெச்சிட்டுத் துப்புறாங்க. துப்புற சாமானுக்காக நான் ஏன் ஹறாமான பாவத்துல விழ?" என்று சீறுவார்.

ஊர் சிரித்தது. பெண் மட்டும் கொடுக்கவில்லை. வைன் தோட்டத்தில் உழைத்தவன் என்றதும் கலியாணப் பேச்சு வாசலோடு திரும்பிவிடும். தலையில் நரை எட்டிப் பார்த்த காலத்தில்தான் வரிப்பத்தான்சேனையில் நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவர், மனமிரங்கித் தன் மகளைத் தரச் சம்மதித்தார்.

பிரான்ஸ் காக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முற்றத்துப் பந்தலில் திராட்சை அந்த முறை காய்த்துத் தள்ளியிருந்தது. நிச்சயத்துக்கு வருபவர்களுக்குச் சர்பத் கொடுப்பதென்று பழத்தைப் பிழிந்து ஒரு பெரிய சாடியில் ஊற்றினார். ஆனால் பழத்தைக் கழுவவில்லை. தோலில் உள்ள, சாற்றைப் பொங்க வைக்கும் வெள்ளைப் பூச்சைக் கழுவுவது பிரான்சில் மகா குற்றமாம். கை பழகிய பழக்கம் சாய்ந்தமருதுக்கு வந்தும் போகவில்லை.

போடியாருக்கு அறுவடை வந்து நிச்சயம் தள்ளிப்போனது. சாடி காத்திருக்குமா? பொங்கியது, புறுபுறுத்தது, வேலியைத் தாண்டி மணத்தது. பிரான்ஸ் காக்கா வெளிறிப்போய் என்னிடம் ஓடிவந்தார்.

"தம்பி, சர்பத்து வைனாகிட்டு!"

"கொட்டுங்க காக்கா!"

"கொட்டினா ஊரெல்லாம் மணக்கும். அங்க வைன் புளிச்சிடாம இரிக்க, காத்துப் படாம இறுக்கி மூடி வைப்பாங்க. நான் தொறந்து, துணி மட்டும் கட்டி வெக்கிறன். அது தானாப் புளிக்கட்டும்."

அதற்குள் செய்தி வரிப்பத்தான்சேனைக்குப் போய்விட்டது, காது மூக்கு வைத்துத்தான். கொஞ்சக் காலத்தில் ஒரு காலை போடியார், மௌலவி ஒருவரையும் ஏற்றிக்கொண்டு உழவு மெசினில் வந்து இறங்கினார்.

"என்ன மகன், சாராயமா காச்சுறீங்க?"

 கலியாணம் கைநழுவுகிறதென்று நான் வேலியைத் தாண்டி ஓடிப்போனேன். பிரான்ஸ் காக்கா சாடியைக் காட்டினார். மௌலவி துணியை விலக்கி முகர்ந்தார்.

"இதுக்குள்ள ஏதும் போட்டீங்களா?"

"ஒண்டும் போடல்ல ஹசரத். தொறந்து மட்டும்தான் வெச்ச."

மௌலவி விரலால் தொட்டு நக்கினார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"போடியார், இது வினாகிரி! தானாப் புளிச்சா ஹலால்தான்."

போடியாரும் நக்கிப் பார்த்தார். உடம்பை ஒருமுறை உலுக்கிக்கொண்டார். "அச்சாறு போட அந்த மாதிரி இரிக்கும்! அது சரி, ஒங்கட பிரான்சுல வைன் இப்பிடிப் புளிச்சா என்ன செய்வாங்க?"

"வேலையால நிப்பாட்டுவாங்க மாமா."

"நாங்க பொண்ணு தருவம்."

பிரான்ஸ் காக்கா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பந்தலுக்குப் பின்னால் போய், சாரன் நுனியால் கண்ணைத் துடைத்தார். அந்த மனிதர் மீது எனக்கு எவ்வளவு பாசம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.