மூலைக்காரரும் கறுப்புத் திரையும்

அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா தன் புது டிவியைக் காட்டக் கூப்பிட்டபோது, கீழ் மூலையில் வெளுப்பு கசிவதைக் கண்டும், "ஜம்முனு இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வந்தவர் நம் மூலைக்காரர். அதை வாய்க்குள் அடக்க அவர் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும்!

ஏனென்றால் அவர் மூலை பார்க்கும் இனம். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். நாமெல்லாம் படம் பார்க்க டிவி வாங்குகிறோம். இவர்களோ டிவியை வாங்கி, கதவைச் சாத்தி, விளக்கையெல்லாம் அணைத்து, வெறும் கறுப்புப் படத்தைப் போட்டு, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, மூக்கு திரையில் முட்ட நின்று ஓரமெல்லாம் ஒளி கசிகிறதா என்று தேடுவார்கள். தேடினால் கிடைக்காமலா போகும்? பின்னால் விளக்கு எரிகிற திரை; ஓரத்தில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். இதைச் சொல்லிச் சொல்லியே கடைக்காரர் நம்மவருக்கு இரண்டு டிவியை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது வந்த அன்று மாலை, வெளியூரில் படிக்கும் மகள் முதல்முறையாக டிவியில் பாடுகிறாள். "அப்பா பார்ப்பார்ல?" என்று காலையிலேயே அம்மாவிடம் போனில் கேட்டிருந்தாள்.

அப்பா எங்கே? ஸ்க்ரூடிரைவரோடு டிவிக்குப் பின்னால். மூலை ஸ்க்ரூவை இறுக்கினால் கசிவு அடங்கும் என்பது அவர் கணக்கு. இறுக்கினார். நகக்கண் அளவு வெளுப்பு உள்ளங்கை அளவானது. பாட்டுக் கேட்க வந்திருந்த தையல்கார அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள் மனைவி.

"இறுக்கினா பிதுங்கத்தானே செய்யும்? நானும் அக்காவும் அவங்க வீட்டுல போய்ப் பார்த்துக்கறோம். பொண்ணு கேட்டா, அப்பா மூலையில இருந்தார்னு சொல்லிடறேன்!"

அது சுருக்கென்று தைத்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தினார். மனைவி திரும்பி வந்து திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, மேசை விளக்கைக் கொண்டுவந்து டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தாள். "இப்ப எங்க உங்க மூலை?"

தேடினார். கண்ணுக்கு அகப்படவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. ஒரே இருட்டு மேடை. கறுப்பைக் கண்டதும் பழக்கதோஷம், அவர் கழுத்து தானாக ஓரத்துக்குத் திரும்பியது. மனைவி தாடையைப் பிடித்து நேரே திருப்பினாள்.

"நடுவுல பாருங்க. அங்கதான் நிக்கிறா."

பார்த்தார். பாட்டு முடியும்வரை கண்ணைத் துடைக்கக்கூட மறந்து பார்த்தார்.

இதைப் படித்ததும் விளக்கை அணைக்க எழுந்துவிட்டீர்களே, உட்காருங்கள். உங்கள் டிவியிலும் இருக்கும்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் மூலைக்காரர் மெல்லத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா... உங்க டிவிக்குப் பின்னாலயும் சின்னதா ஒரு விளக்கு வச்சுக்கங்களேன். சும்மா, அழகுக்கு."