காட்டுக்குள் பீப்பீ செருப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. சுண்டு இப்போதுதான் தூங்கினாள். மகள் விழித்திருந்தால் என் கையில் பேனா தங்காது. இங்கே எல்லோரும் சுகம். சுண்டுவுக்கு இருமல்கூட இல்லை, அது ஏன் இல்லை என்றுதான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. நான் வேலைக்குத் திரும்பும் முதல் வாரம் அவளை உன்னிடம் விடச் சொல்லியிருந்தாய். முடியாது அக்கா, கோபித்துக்கொள்ளாதே. போன ஞாயிற்றுக்கிழமைக் கதையைக் கேட்டால் நீயே வேண்டாம் என்பாய்.

கடலோரக் காப்புக்காட்டுக்குப் போனோம். "பறவை பாக்கலாம், மான் பாக்கலாம், நீயும் கொஞ்சம் மூச்சு விடுவே" என்று இவர்தான் கிளப்பினார். அட்டைக்கு உப்பு, கொசுவுக்குக் களிம்பு, மழைக்குக் குடை, குடை தொலைந்தால் இன்னொரு குடை என்று மூட்டை கட்டிக்கொண்டு, பிள்ளை எங்கே நகர்ந்தாலும் காதில் விழட்டும் என்று நீ வாங்கித் தந்த அந்தப் பீப்பீ செருப்பையும் மாட்டிவிட்டேன். வழிகாட்டி செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதோட உள்ள போனா மரம் மட்டும்தாம்மா மிஞ்சும்" என்றார். "பிள்ளை தொலைஞ்சிட்டா?" என்றேன். "இதைப் போட்டுக்கிட்டு அது எங்க தொலையும், நாங்கதான் தொலையணும்." நான் கழற்றவில்லை. எங்களுக்கு முன்னால் காடே காலி செய்துகொண்டு போனது. கூட வந்த பைனாகுலர் பெரியவர், "காலைலேர்ந்து வாலாவே பாக்கறேன்" என்று முனகியபடியே வந்தார்.

நடந்து களைத்த சுண்டு இவர் தோளில் தூங்கிவிட்டாள். அட்டைக்கு உப்புப் போட நான் குனிந்து நிமிர்வதற்குள் எல்லோரும் வளைவைத் தாண்டிவிட்டார்கள். அப்போது பீப் என்று கேட்டது, அவர்கள் போன பக்கமில்லை, கடலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில். இறங்கி ஓடியிருக்கிறாள் என்று என் உயிரே போய்விட்டது. சத்தத்தின் பின்னாலேயே போனேன். தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் எல்லாம் ஒரே பச்சை வெளிச்சம். பீப் கொஞ்சம் தள்ளிக் கேட்கும், பிறகு தலைக்கு மேலே கேட்கும், அவள் எப்படி மேலே ஏறினாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மரங்கள் குள்ளமாகிக்கொண்டே போய், காலடியில் மணல் வந்து, கடல் வந்துவிட்டது. கிளையில் ஒரு தாய்க்குரங்கு, சுண்டுவின் ஒற்றைச் செருப்பைக் காதோரம் வைத்து அமுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் குட்டி எட்டத்தில் ஒரு கையால் தொங்கியது. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவர் தோளிலிருந்து செருப்புதான் விழுந்திருக்கிறது, பிள்ளை இல்லை. அது புரிந்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை அக்கா. அலை வந்தது, போனது. ஒரு நண்டு என்னை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனது. மரங்களுக்குள்ளிருந்து மான் ஒன்று மெல்ல இறங்கி வந்து நின்றது. வால் மட்டுமில்லை, முழு மான். பிள்ளை பிறந்தபின் நான் எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

தேடி வந்த இவர் முகத்தில் ஈயாடவில்லை. சுண்டு அப்போதும் தோளில் தூக்கம். வழிகாட்டி மட்டும், "செருப்பை அம்மாவுக்கில்ல போட்டிருக்கணும்" என்றார்.

ஒருமுறை குனிந்து நிமிர்வதற்குள் இப்படி ஆகிறதே, ஒரு வாரம் எப்படி விடுவது? நானில்லாமல் அவள் தூங்கமாட்டாள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை

பி.கு.: எழுதியதைத் திரும்பப் படித்தேன். அன்றைக்குத் தொலைந்தது நான்தான். அவள் நானில்லாமல்தான் தூங்கியிருக்கிறாள். சனிக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன். மிச்சமிருக்கும் ஒற்றைச் செருப்பை மட்டும் அனுப்பமாட்டேன், ராத்திரியில் அமுக்கிக் கேட்க எனக்கு வேண்டியிருக்கும். உனக்குச் சம்மதமா என்று சீக்கிரம் பதில் எழுது.