ரஞ்சிதத்துக்குக் கங்கை ஊற்றிய கதை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முன்னால் நின்று நடத்திவைக்கிற பொம்பளை என்று மேனாம்பேட்டில் எனக்கொரு பெயர் உண்டு. (கல்யாணத்துக்குக் கூப்பிட மறப்பார்கள், சாவுக்கு மறக்கமாட்டார்கள்.) அந்தப் பெயர் ஒரே நாளில் காற்றில் போனதைத்தான் சொல்லப்போகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் நானும் ரஞ்சிதமும் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் சப்பாத்தி, அவள் சாம்பார். என்னைவிடச் சின்னவள். பெரிய ஊர்சுற்றி. யாத்திரை பஸ் எது கிளம்பினாலும் ஜன்னலோரத்தில் அவள் இருப்பாள். காசி, பூரி, துவாரகை, கடைசியில் அந்தமான்கூட. அங்கே என்னடி சாமி என்று கேட்டேன்.

“கடல் கீதுக்கா, பத்தாதா?” என்றாள்.

நான் திருப்பதிக்கு வடக்கே போனதில்லை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல, நானும் போய்வந்த மாதிரி தலையாட்டுவேன்.

காசிக்குப் போனவள் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு செப்புச் சொம்பில் கங்கைத் தண்ணீர் வாங்கிவந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற சொம்பு, மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைத்திருந்தது. உயிர் போனால் வாயில் ஊற்றுவதற்கு என்று எல்லா வீட்டுச் சாமி அலமாரியிலும் இருக்குமே, அதேதான்.

“நீ மூத்தவ. நீ போவச்சொல்ல நானே வந்து ஊத்தறேன். அதுவரைக்கும் தொறக்காத” என்றாள்.

“நீ முந்திக்கினா?”

“அப்ப நீ வந்து ஊத்துக்கா. ஆனா எனக்கு எங்க நேரம் கீது? அடுத்து கேதாரு போவணும்.” நானும் சரி என்றேன்.

அந்தக் கேதாருக்குக் கட்டிய பை கதவோரம் இருக்க, காலையில் பால் காய்ச்சப் போனவள் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள். நோய் இல்லை, நொடி இல்லை. சேதி கேட்டு நான் கொரட்டூரில் அவள் வீட்டுக்கு ஓடினேன். ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். பஸ்ஸில் தூங்குகிறவள் மாதிரிதான் இருந்தது.

சடங்கு செய்ய வந்த பெரியவர், “கங்கைத் தண்ணி எட்தாங்க” என்றார்.

அவள் மகன் மூர்த்தி கையைப் பிசைந்தான். “ஊருக்கெல்லாம் குட்துட்டு அம்மா தனக்கு ஒண்ணும் வெச்சிக்கலியே!”

நான் எழுந்து நின்றேன். “என் ஊட்ல கீது. நான் வர்றவரைக்கும் பொணத்த எடுக்கக்கூடாது.” கல்யாண வீட்டில் மாலை எடுத்துவரப் போகிறவள் போல ஆட்டோவில் ஏறினேன்.

சொம்போடு திரும்பியபோது எல்லோரும் வழிவிட்டார்கள். பெட்டியைத் திறந்தார்கள். நான் மூடியைத் திருகினேன். அசையவில்லை. தேங்காய் உடைக்கிற கத்தியை வைத்து நெம்பினேன். கத்தி வளைந்தது. பல்லால் கடித்தேன். பல் செட்டு கழன்று சொம்போடு வந்துவிட்டது. (அதைத் திரும்ப வாயில் மாட்டும் வரை பறை அடிப்பவர்கள் மரியாதையாக அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.) பிறகு அம்மிக் குழவியால் ஒரு போடு. சொம்பு நசுங்கியது, ஈயம் நசுங்கவில்லை.

“போவுது விடும்மா, கார்ப்பரேஷன் தண்ணியே ஊத்திக்கலாம்” என்றார் பெரியவர்.

“இவ குடிக்காத தண்ணியா அது? கங்கைதான் ஊத்துவேன்!”

வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். நான் தெருமுனையில் இருந்த வெல்டிங் பட்டறைக்கு ஓடினேன். பட்டறைக்காரர் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா ஆயா, இத்தப் போயி...”

“பேசாத. அங்க பொணம் காத்துகினு கீது.”

இடுக்கியில் பிடித்து மூடியைச் சுற்றி நெருப்பைக் காட்டினார். “தள்ளி நில்லு” என்றும் சொன்னார். நான் யார் சொல்லித் தள்ளி நின்றிருக்கிறேன்? ஈயம் இளகிவிட்டதா என்று குனிந்து எட்டிப் பார்த்தேன். டப்பென்று மூடி பறந்தது. கங்கை மொத்தமும் என் முகத்தில், கழுத்தில், முந்தானையில். (நல்லவேளை, வெதுவெதுப்புதான்.) சொம்பைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை.

அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பேன். ஆனால் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே. ஈரம் காய்வதற்குள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடினேன். யாரையும் கேட்கவில்லை. ரஞ்சிதத்தின் வாய்க்கு நேராக முந்தானையை முறுக்கிப் பிழிந்தேன். நான்கைந்து சொட்டு விழுந்தது.

பெரியவர் பதறிப்போனார். “அய்யய்ய, பொடவ புழிஞ்ச தண்ணியாம்மா!”

“கங்கைல குளிச்சவ பொடவ. தப்பு இன்னா?”

ரஞ்சிதத்தின் மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். “எங்கம்மா இத்தப் பாத்திருந்தா கேன்டீன் பூரா சொல்லிகினு திரிஞ்சிருக்கும் பெரிம்மா” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் பறை அடிப்பவர்கள், மூர்த்தி, கடைசியில் பெரியவரும் சிரித்தார். சிரித்த முகங்களுக்கு நடுவில்தான் என் ரஞ்சிதம் வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

இப்போது எங்கள் வீட்டில் யார் துணி பிழிந்தாலும், “யாருக்கு மோட்சம்?” என்று கேட்காமல் இருப்பதில்லை. சாவு வீடுகளிலும் என்னைப் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுகிறார்கள்.

என் மூத்த பையன் மட்டும் சிரிக்காமல் கேட்டான்: “உனக்குன்னு இருந்த சொம்ப அவங்களுக்கு ஊத்திட்ட. உனக்கு இன்னாம்மா பண்றது?”

அடுத்த மாதம் கிளம்புகிற காசி பஸ்ஸில் பெயர் கொடுத்துவிட்டேன். முட்டி வலி, வயசு, குளிர் என்று ஐந்து பேரும் ஆளாளுக்குத் தடுத்துப் பார்த்தார்கள். ஜன்னலோர சீட்டுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தண்ணீரை நானே முங்கி எடுப்பேன், திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில்.

கயலு, இங்க வாடி கண்ணு. பாட்டி எழுதினத மொதல்லேர்ந்து சத்தமாப் படி. பல் செட்டு வர்ற எடத்துல சிரிக்காம படிக்கணும், ஆமா.